இணையத்தில் பொருள் வாங்கப் பணம் செலுத்தும் வழிகள்: மோசடி நேர்ந்தால் எது கைகொடுக்கும்?

இணையக் கடையில் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துப் பணம் செலுத்தும் பக்கத்துக்கு வந்தால், யுபிஐ, கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு, நெட் பேங்கிங், பொருள் கைக்கு வந்தபின் பணம் என்று பல வழிகள் வரிசையாகத் தெரிகின்றன. இவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் எது வேகமானது, எதில் அதிகத் தள்ளுபடி கிடைக்கிறது என்றே ஒப்பிடுகிறார்கள். இந்த மதிப்புரையில் நான் கேட்பது ஒரே கேள்வி. பணம் போய்விட்டது, பொருள் வரவில்லை, விற்றவர் தொலைபேசியை எடுக்கவில்லை என்ற நிலை வந்தால், நாம் தேர்ந்தெடுத்த வழி நம் பக்கம் நின்று என்ன செய்யும்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் முன், மோசடிகள் இரண்டு வகைப்படும் என்பதையும், சட்டம் அவ்விரண்டையும் ஒன்றுபோல் பார்ப்பதில்லை என்பதையும் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதல் வகை, நமக்குத் தெரியாமலேயே நம் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவது. இதற்கு இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை நல்ல பாதுகாப்பைத் தந்தது. தவறு வங்கியுடையதாக இருந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. தவறு வங்கியுடையதும் அல்ல, வாடிக்கையாளருடையதும் அல்ல என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் செய்தவருக்கும் இழப்பு இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் புகார் செய்தால், சாதாரண சேமிப்புக் கணக்கு வைத்திருப்பவர் ஏற்க வேண்டிய அதிகபட்ச இழப்பு 10,000 ரூபாய். புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும் என்றும், தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது என்றும் அந்தச் சுற்றறிக்கை கூறியது. ஆனால், ஓடிபியையோ பின் எண்ணையோ வாடிக்கையாளரே பிறரிடம் சொல்லிவிட்டிருந்தால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான இழப்பு முழுவதும் அவருடையதே என்றும் அது கூறியது.

இரண்டாவது வகையில்தான் நம்மவர்கள் அதிகம் சிக்குகிறார்கள். போலியான ஒரு கடைக்கு, அது உண்மையான கடை என்று நம்பி, நாமே பின் எண்ணை இட்டுப் பணம் அனுப்பிவிடுகிறோம். அந்தப் பரிவர்த்தனைக்கு அனுமதி தந்தவர் நாம்தான் என்பதால், மேலே சொன்ன சுற்றறிக்கையின் பாதுகாப்பு இங்கே வந்து சேர்வதில்லை. வங்கியில் போய்க் கேட்டால் ‘நீங்கள்தானே அனுப்பினீர்கள்’ என்ற பதில்தான் வரும். அந்தச் சுற்றறிக்கையின்படி அந்தப் பதிலில் தவறும் இல்லை. ஆகவே, பணம் செலுத்தும் வழியை மதிப்பிடும்போது அதன் கடவுச்சொல் எவ்வளவு வலுவானது என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. பணம் நம் கையை விட்டுப் போனபின் அதைத் திருப்பிக் கேட்க அந்த வழியில் ஓர் ஏற்பாடு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

யுபிஐயிலிருந்து தொடங்குகிறேன். தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் 2016-இல் அறிமுகப்படுத்திய இந்த முறை, பெட்டிக்கடை முதல் நகைக்கடை வரை எல்லா இடங்களிலும் நிலைபெற்றுவிட்டது. வேகத்திலும் எளிமையிலும் இதற்கு இணையான ஒன்றை நான் பயன்படுத்தியதில்லை. பாதுகாப்பிலும் அண்மையில் இரண்டு நல்ல மாற்றங்கள் வந்திருக்கின்றன. முன்பெல்லாம் பணம் பெறுபவர் தனக்குப் பிடித்த எந்தப் பெயரையும் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ள முடிந்தது. 2025 ஜூன் இறுதியிலிருந்து, பணம் அனுப்பும் முன் வங்கிப் பதிவில் உள்ள பெயரையே செயலிகள் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. அடுத்து, ஒரு தனிநபர் இன்னொரு தனிநபரிடம் ‘இந்தத் தொகையைக் கொடு’ என்று யுபிஐ வழியாகக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. ‘உங்களுக்குப் பணம் திரும்ப வருகிறது, பின் எண்ணை இடுங்கள்’ என்று சொல்லி ஏமாற்றியவர்களுக்கு இந்த வசதிதான் முக்கிய ஆயுதமாக இருந்தது. பணம் பெறுவதற்குப் பின் எண் ஒருபோதும் தேவையில்லை என்பதை அறியாதவர்கள் இன்னும் ஏராளமாக இருக்கும்போது, கதவையே அடைத்தது சரியான முடிவு.

ஆனால் யுபிஐயின் உள்ளே இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன என்பதும், மோசடி நேரும்போது அவற்றுக்கிடையே மிகப்பெரிய வேறுபாடு உண்டு என்பதும் பெரும்பாலோருக்குத் தெரியாது. ஒன்று, வணிகராகப் பதிவு செய்யப்பட்ட கணக்குக்குச் செலுத்துவது. மற்றொன்று, ஒரு தனிநபரின் கணக்குக்குச் செலுத்துவது. வணிகர் கணக்குக்குச் சென்ற பணத்துக்கு, பொருள் வரவில்லை என்றோ திருப்பிக் கொடுத்த பொருளுக்குப் பணம் வரவில்லை என்றோ யுபிஐ முறைக்குள்ளேயே முறையீடு எழுப்ப இடம் உண்டு. செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலில் புகாரைத் தொடங்கி, அங்கே தீர்வில்லையென்றால் செயலிக்குப் பின்னால் உள்ள வங்கி, நம் வங்கி, தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் என்று படிப்படியாக மேலே கொண்டு செல்லலாம். தனிநபர் கணக்குக்குச் சென்ற பணத்துக்கு அப்படி எதுவும் இல்லை. பெற்றவர் மனமுவந்து திருப்பித் தந்தால் உண்டு. இல்லையேல் காவல் துறைதான்.

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் சேலை, நகை, வீட்டுப் பொடி வகைகள் விற்பவர்கள் ஒரு கைப்பேசி எண்ணைக் கொடுத்து ‘இதற்கு அனுப்பிவிட்டு ஸ்கிரீன்ஷாட் போடுங்கள்’ என்கிறார்களே, அது இந்த இரண்டாவது பாதைதான். அவர்களில் மிகப் பலர் நேர்மையானவர்கள், வீட்டிலிருந்தபடி உழைத்துச் சம்பாதிக்கும் பெண்கள் என்பதை மறந்துவிட்டு எல்லோரையும் சந்தேகப்படுவது நியாயமாகாது. எனினும், நேர்மையானவரையும் மோசடிக்காரரையும் பிரித்துக் காட்ட அந்தப் பாதையில் எதுவுமே இல்லை என்பதுதான் சிக்கல். வணிகருக்கான க்யூஆர் கோடு பெறுவது சிறு வியாபாரிக்கும் எளிது. வங்கிக் கணக்கிலிருந்து யுபிஐ வழியாக வரும் பணத்துக்கு 2020 ஜனவரி முதல் வணிகரிடம் கட்டணம் வசூலிக்கப்படுவதும் இல்லை. எனவே ‘வணிகர் க்யூஆர் கோடு இருந்தால் அனுப்புங்கள்’ என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அது இல்லாதவரிடம் வாங்கியே தீர வேண்டும் என்றால், முதல் முறை இழந்தாலும் தாங்கக்கூடிய சிறு தொகைக்கு வாங்கிப் பார்ப்பதே என் யோசனை. யுபிஐயோடு இணைத்த ரூபே கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் சோதனையும் உண்டு: அந்த அட்டையிலிருந்து தனிநபர் கணக்குக்குப் பணம் போகாது. பெரிய கடை என்று விளம்பரப்படுத்திக்கொள்ளும் ஒருவருடைய க்யூஆர் கோடு அந்த அட்டையை ஏற்க மறுத்தால், ஏன் என்று கேட்டுவிட்டு மேலே செல்வது நல்லது. காஞ்சிபுரம் பட்டு நேரடி விற்பனை என்று விளம்பரம் வருகிறது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் கடையோடு தொடர்பே தெரியாத யாரோ ஒருவரின் பெயர் வருகிறது என்றால், அந்தப் பெயரை விசாரிக்காமல் பின் எண்ணை இடக் கூடாது.

தீபாவளிப் பட்டாசு இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. இணையத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் தடை விதித்தது. இருந்தும், சிவகாசித் தொழிற்சாலை விலை, 80 விழுக்காடு தள்ளுபடி என்றெல்லாம் சொல்லும் இணையதளங்களும் சமூக ஊடக விளம்பரங்களும் பண்டிகைக்கு முன்பு முளைக்கின்றன. முன்பணம் கட்டி ஏமாந்தவர்களின் புகார்களைத் தொடர்ந்து, தமிழ்நாடு காவல் துறையின் இணையவழிக் குற்றப் பிரிவு இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. இந்தத் தளங்களில் பலவும் பார்வைக்கு மிக நேர்த்தியாக இருக்கும். கூடையில் பொருளைச் சேர்க்கலாம், விலைப்பட்டியலைப் பதிவிறக்கலாம். ஆனால் பணம் செலுத்தும் இடம் வந்ததும் கார்டுக்கு வழியிருக்காது; வாட்ஸ்அப்பில் ஒரு எண் பேசத் தொடங்கி யுபிஐ மூலம் மட்டுமே பணம் கேட்கும். பணம் கட்டும் வழி அப்படிச் சுருங்குவதையே நான் முதன்மையான எச்சரிக்கையாகக் கருதுகிறேன்.

அடுத்தது கிரெடிட் கார்டு. நான் எழுப்பிய கேள்விக்கு மிகச் சிறந்த பதில் வைத்திருப்பது இதுதான். முன்பின் அறியாத கடையில் வாங்கும்போது, கார்டு இருப்பவர்கள் அதையே பயன்படுத்த வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணம், சார்ஜ்பேக் எனப்படும் முறையீடு. பொருள் வரவில்லை அல்லது சொன்னதற்கு மாறான பொருள் வந்தது என்று கார்டு வழங்கிய வங்கியிடம் எழுத்தில் தெரிவித்தால், அந்த வங்கி விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற அமைப்பின் வழியாகக் கடைக்காரரின் வங்கியிடம் விளக்கம் கேட்கும். பொருளைக் கொடுத்ததற்கான ஆதாரத்தைக் காட்ட வேண்டியவர் கடைக்காரர். காட்டத் தவறினால் பணம் நமக்குத் திரும்பும். நாமே ஓடிபி இட்டிருந்தாலும் இந்த முறையீடு செல்லும், ஏனெனில் இங்கே கேள்வி பணத்தை அனுப்பியது யார் என்பதல்ல, பொருள் வந்ததா என்பதே. விசா, மாஸ்டர்கார்டு அமைப்புகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம் உண்டு. அவகாசம் இருக்கிறதே என்று காத்திருக்காமல், பொருள் வர வேண்டிய நாள் கடந்து கடைக்காரரிடமிருந்து பதிலும் இல்லையென்றால் உடனே வங்கிக்கு எழுதிவிட வேண்டும். ஆர்டர் விவரம், வாக்களித்த தேதி, கடைக்காரருக்கு நாம் அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றைத் தொடக்கத்திலிருந்தே சேமித்து வைத்திருப்பவரின் முறையீடுதான் வலுவாக நிற்கும்.

கார்டு எண் திருடுபோகுமே என்ற பழைய அச்சமும் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்தியாவில் கார்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இணையத்தில் வாங்க முடியாதபடி, கூடுதல் சரிபார்ப்பை ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்டிலேயே கட்டாயமாக்கியது. 2022 அக்டோபர் 1 முதல், கடைகள் நம் கார்டு எண்ணைத் தங்களிடம் சேமித்து வைக்கவும் கூடாது. ‘கார்டைச் சேமிக்கவா?’ என்று தளம் கேட்கும்போது நாம் சம்மதித்தால், அங்கே பதிவாவது கார்டு எண்ணுக்கு மாற்றாக அந்தக் கடைக்கென்று உருவாக்கப்படும் டோக்கன் என்ற ஒரு குறியீடு மட்டுமே. அந்தக் கடையின் தகவல் தளம் கசிந்தாலும் டோக்கனை வைத்து வேறொரு இடத்தில் எதையும் வாங்க முடியாது. இந்த ஏற்பாடு மிகவும் பாராட்டத்தக்கது. பல நாடுகளின் கடைகளில் கார்டு எண் இன்னும் அப்படியே சேமிக்கப்படுகிறது.

ஆனால் ஒரு ஓட்டை மீதமிருக்கிறது. வெளிநாட்டு இணையதளங்களில் பல, ஓடிபி கேட்காமல் கார்டு எண், காலாவதித் தேதி, சி.வி.வி. (கார்டில் அச்சிட்டிருக்கும் ரகசியச் சரிபார்ப்பு எண்) ஆகியவற்றை மட்டும் வைத்தே பணத்தை எடுத்துக்கொள்கின்றன. இதற்கு மருந்து நம் கையிலேயே உள்ளது. 2020 அக்டோபர் முதல், உள்நாட்டு இணையப் பரிவர்த்தனை, வெளிநாட்டுப் பரிவர்த்தனை, தட்டிச் செலுத்துதல் ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் திறக்கவும் மூடவும் வரம்பு வைக்கவும் வங்கிச் செயலியில் வசதி இருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை எப்போதும் மூடியே வைத்துவிட்டு, தேவைப்படும் நாளில் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. வீட்டில் முதியவர்களின் கார்டு இருந்தால், அவர்கள் அனுமதியோடு இதை முதலில் செய்துகொடுங்கள்.

டெபிட் கார்டுக்கும் சார்ஜ்பேக் உண்டு. ஆனால் தகராறு தீரும்வரை முடங்கிக் கிடப்பது வங்கியின் பணமல்ல, வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த நம் பணம் என்பதால் அதை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். நெட் பேங்கிங் பாதுகாப்பான வழிதான், ஆனால் பொருள் வராதபோது கார்டைப் போல் முறையிட இடம் தருவதில்லை. அரசுக் கட்டணம், காப்பீட்டுத் தவணை போன்றவற்றுக்கு அது போதும். வங்கிகளின் இணைய முகவரிகள் இப்போது ‘.பேங்க்.இன்’ என்று முடிவதால், பணம் செலுத்தும்போது திறக்கும் வங்கிப் பக்கம் உண்மையானதா என்று பார்ப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லும் பழைய அறிவுரையை மட்டும் கைவிட்டுவிடலாம். நம் தகவல் வழியில் களவாடப்படாமல் போகிறது என்பதை மட்டுமே அந்தப் பூட்டு குறித்தது, மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதை அல்ல. மோசடித் தளங்களும் அதை எளிதாகப் பெற்றுவிடுவதால், கூகுளின் குரோம் உலாவியே 2023-இல் அந்தப் படத்தை நீக்கிவிட்டது.

பொருள் வந்தபின் பணம் கொடுக்கும் முறையில்தான் நம் ஊர்க் குடும்பங்களுக்கு நம்பிக்கை அதிகம், அந்த நம்பிக்கையில் பாதி நியாயம் இருக்கிறது. பொருளே அனுப்பாமல் ஏமாற்றுகிறவரிடமிருந்து இது நம்மைக் காக்கும். ஆனால் கைப்பேசிக்குப் பதில் சோப்புக் கட்டி அனுப்புகிறவரிடமிருந்து காக்காது, ஏனெனில் பெரும்பாலும் பணம் கொடுத்தபின்தான் பெட்டியைத் திறக்க முடிகிறது. அதன்பின் கூரியர் ஊழியரிடம் வாதாடிப் பயனில்லை. அவர் பெட்டியைக் கொண்டுவந்தவர் மட்டுமே. விலை உயர்ந்த பொருளுக்குச் சில பெரிய தளங்கள் தரும் ‘ஓபன் பாக்ஸ் டெலிவரி’ வசதி இந்தக் குறையை நன்றாகத் தீர்க்கிறது: ஊழியர் நம் முன்னிலையில் பெட்டியைத் திறந்து காட்டுவார், பார்த்துத் திருப்தியடைந்த பின்பே ஓடிபியைச் சொன்னால் போதும். அந்த ஓடிபியைப் பெட்டி திறக்கும் முன்பே கேட்டால் கொடுக்கக் கூடாது. வீட்டில் யாரும் ஆர்டர் செய்யாத பொட்டலம் ஒன்று பணம் கேட்டு வந்தால், தொகை சிறியதாக இருந்தாலும் திருப்பி அனுப்பிவிட வேண்டும். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் பிள்ளைகள் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்துக் கொடுத்துவிடுவதை நம்பித்தான் இப்படி அனுப்புகிறார்கள்.

எந்த வழியில் செலுத்தினாலும் சரி, ஏதாவது கோளாறு நேர்ந்தபின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடுவது பெரும் ஆபத்து. பணம் பாதியில் நின்று பதற்றத்தில் இருப்பவரைக் குறிவைத்தே போலி எண்களைப் பரப்புகிறார்கள். அழைத்ததும் கனிவாகப் பேசி, ‘சரிபார்க்க வேண்டும்’ என்று திரையைப் பகிரும் செயலி ஒன்றை நிறுவச் சொல்வார்கள். அதன்பின் நம் கைப்பேசிக்கு வரும் ஒவ்வொரு ஓடிபியும் அவர்களுக்குத் தெரியும். எண் வேண்டுமென்றால் கடையின் செயலிக்குள்ளிருந்தோ கார்டின் பின்புறத்திலிருந்தோ எடுக்க வேண்டும். உண்மையில், யுபிஐயில் பணம் கழிந்தும் கடைக்குச் சேராமல் நின்றுவிட்டால் யாரையும் அழைக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் இருக்காது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும் என்றும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2019-லேயே விதித்திருக்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்திருந்தால் போலிச் சேவை எண்களிடம் விழுபவர்கள் குறைவார்கள்.

பணம் மோசடிக்காரரிடம் போய்விட்டது என்று உறுதியானால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். தேசிய இணையவழிக் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யலாம். இந்தச் சேவையை நான் உயர்வாக மதிக்கிறேன், ஏனெனில் இது வெறும் புகார்ப் பதிவேடு அல்ல. நாம் தரும் பரிவர்த்தனை எண்ணைக் கொண்டு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் செல்கிறது. பணம் அங்கேயே இருந்தால் முடக்கப்படுகிறது, வேறு கணக்குக்கு மாற்றப்பட்டிருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் தொடர்கிறது. மோசடிக்காரர் பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்து ரொக்கமாக எடுப்பதற்குள் இந்தச் சங்கிலி அவரை முந்த வேண்டும் என்பதால், முதல் சில மணி நேரம் மிக முக்கியம். குடும்பத்தில் சொல்லக் கூச்சப்பட்டு ஒரு நாளைக் கடத்துகிறவர்கள் இழப்பது அந்த நேரத்தைத்தான். முடக்கப்பட்ட பணம் கைக்கு வர நீதிமன்ற உத்தரவு தேவைப்படும் சூழலும் உண்டு, பொறுமை வேண்டும். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டாலும் தந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடை உண்மையானது, ஆனால் பணத்தைத் திருப்பித் தர இழுத்தடிக்கிறது என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 பொருத்தமானது. இணைய வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒவ்வொரு தளமும் தன் சட்டப் பெயர், முகவரி, குறைதீர்ப்பு அலுவலரின் பெயர் ஆகியவற்றை வெளியிட வேண்டும்; அந்த அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். வாங்கும் முன்பே இந்த விவரங்கள் தளத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பதும் ஒரு நல்ல வடிகட்டி.

ஆக, அறியாத கடைக்கு முதலிடம் கிரெடிட் கார்டு. கார்டு இல்லாதவர்களுக்குப் பெட்டியைத் திறந்து பார்த்தபின் பணம் கொடுக்கும் முறை. பழகிய கடைக்கும் வணிகர் கணக்குக்கும் யுபிஐ, அதுவும் சேமிப்பு முழுவதும் உள்ள கணக்கை இணைக்காமல், சிறு தொகை மட்டும் வைத்திருக்கும் தனிக் கணக்கிலிருந்து. தனிநபர் கணக்குக்கு முன்பணம் என்பதற்கு நான் மதிப்பெண்ணே தர மாட்டேன்.

யுபிஐ மீது எனக்குள்ள குறை இதுதான். பணம் போகும் கணக்கு வணிகருடையதா தனிநபருடையதா என்பது பின் எண் இடும் முன்பே அந்த முறைக்குத் தெரியும். அதை வைத்துத்தான் ரூபே கிரெடிட் கார்டை ஏற்பதா மறுப்பதா என்று நொடியில் முடிவெடுக்கிறது. அதே செய்தியை, ‘இது தனிநபர் கணக்கு, பொருள் வராவிட்டால் இந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்க யுபிஐயில் வழியில்லை’ என்று, பயனர் தேர்ந்தெடுத்த மொழியில், பெரிய எழுத்தில், தொகைக்கு மேலேயே காட்டுவதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பெயரைக் காட்டச் சொல்லி விதி செய்த தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் இந்த ஒரு வரியையும் எல்லாச் செயலிகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.